மன்றத்தில் பேசப்படுவது உங்கள் வீட்டுக் குடத்தைப் பற்றியே!



தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் பேருந்தில் நீங்கள் ஒரு முறையேனும் பயணம் செய்திருக்கக்கூடும். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகுட்டிகளோடும், பிரியாணித் தேக்சாவோடும், மாற்று உடைகளோடும் அருவிக்குச் சென்று வந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். ஒகேனக்கல்லை அடைய இன்னும் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கையில் பேருந்து ஓர் ஊரில் நிற்கும். இறங்கித் தேநீர் அருந்திவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வீர்கள். அந்த ஊர்தான் பென்னாகரம். அதைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து, மலைச்சரிவில் வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறங்கும்.

2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சட்டமன்ற இடைத்தேர்தலின்போது, இந்த ஊரின் பெயர் தமிழகம் முழுவதும் நாள்தோறும் ஒலித்தது. அமைச்சர்கள் வந்தார்கள், கார்கள் வந்தன, ஒலிபெருக்கிகள் வந்தன. வாக்கு எண்ணி முடித்ததும் எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டன. ஊர் மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்த ஊரின் தண்ணீரும் இருக்கிறது.

அந்தத் தண்ணீரைப் பற்றியும், அதைப் பங்கிட்டுத் தரும் பொறுப்பிலுள்ள ஒரு சிறிய மன்றத்தைப் பற்றியும் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகின்றேன். "எங்களுக்கும் பேரூராட்சி மன்றத்துக்கும் என்ன தொடர்பு? அது அரசியல்வாதிகளின் சமாசாரமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குறிப்பாக, தாய்மார்களே, இது உங்களுக்காகவே எழுதப்படுகின்றது.

பல்லில் எழுதப்பட்ட வரலாறு

தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது கவனித்திருக்கின்றீர்களா? பலருடைய முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் காணப்படும். சிலருக்குப் பற்களின் மேற்பூச்சே சொரசொரப்பாகி, குழி விழுந்திருக்கும். வெற்றிலைக் கறையோ, பல் துலக்காத சோம்பலோ இதற்குக் காரணமன்று. அவர்கள் குடித்து வளர்ந்த நிலத்தடி நீரில் அளவுக்கு மிஞ்சிக் கலந்திருந்த ஃபுளோரைடு என்னும் உப்பே காரணம்.

ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமையே விரும்பத்தக்க அளவாகக் கொண்டு, வேறு நீர் கிடைக்காத இடங்களில் மட்டும் 1.5 வரை அனுமதிக்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல கிராமங்களில் இதைப் போல் பல மடங்கு காணப்பட்டது. காரணம் அந்த மண்ணிலேயே இருக்கின்றது. கருங்கல்லும் அதை ஒத்த கடினப் பாறைகளும் நிறைந்த நிலம் அது. அப்பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரைடு பொதிந்துள்ளது. மழை குறைந்த நாட்டில், பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிக் கிடக்கும் நீர் அதை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கின்றது.

இந்த நோய் நமக்குப் புதிதுமன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1937-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் பின்வந்த தலைமுறைகளுக்கு நாம் செய்தது என்ன? கிணறுகள் வற்றியபோது ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டினோம். ஊருக்கு ஊர் அடிகுழாய்களை நட்டோம். நோக்கம் நல்லதே. திறந்த கிணற்றின் கிருமிகளிலிருந்து மக்களைக் காக்கும் நீர் அது என்று நம்பினோம். கிருமி தொலைந்தது, ஆனால் ஆழத்திலிருந்து வந்த நீர் பாறையின் உப்பையும் தன்னோடு கொண்டு வந்தது. ஒரு தீமையைத் தவிர்க்கப் போய் மற்றொன்றைக் குடத்தில் நிரப்பிக்கொண்டோம்.

நிலைத்த பற்களின் மேற்பூச்சு உருவாவது ஏறத்தாழ 8 வயது வரையில்தான். அந்த வயதுக்குள் குடித்த நீரின் தழும்பு ஆயுள் முழுதும் அழியாது. பெண் பார்க்க வருவோர் முன்னிலையில் வாய் திறந்து சிரிக்கக் கூசி, முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் குமர்ப் பெண்களின் வேதனையை வேறு எவ்வாறு சொல்வது? பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்போருக்கு மூட்டுகள் இறுகும், முதுகு விறைக்கும். தொழுகையில் ருகூவுக்குக் குனிவதும், ஸஜ்தாவிலிருந்து எழுவதும் பெரும்பாடாகிவிடும். முதுமை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பலரும் நாற்காலியை நாடுகின்றார்கள்.

இங்கே இல்லத்தரசிகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சாதாரண மெழுகுவத்தி வடிகட்டிகளாலும் அதைப் பிரிக்க இயலாது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறை ஒன்றை உருவாக்கியது. நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் வழங்கும் அம்முறையைக் கையாள அளவு தெரிந்த கை வேண்டும். அடுப்பங்கரையில் கண்ணளவாகப் போட்டுப் பார்க்கும் வேலை அன்று. ஆகவே, இந்த நோய்க்கு வீட்டுக்குள்ளே மருந்து தேடிப் பயனில்லை. வீட்டுக்கு வரும் நீரே நல்ல நீராக இருக்க வேண்டும்.

ஆறு மலையேறி வந்த கதை

நல்ல நீர் பக்கத்திலேயே பேரிரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் பென்னாகரத்தின் விந்தை. ஒகேனக்கல் என்ற பெயர் கன்னடச் சொற்களால் ஆனது. புகையும் கல் என்பது பொருள். நீர்த்திவலை புகையாய் எழும் அந்த ஆறோ பள்ளத்தில், ஊர்களோ மேட்டில். இடையில் மலைச்சரிவும் காடும், அவற்றைவிடக் கடினமான இரு மாநிலங்களின் வழக்கும் நின்றன.

1998-ஆம் ஆண்டில் மத்திய அரசின் இசைவு கிடைத்தது. குடிநீருக்காக ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. நீரைத் தமிழகம் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதன் பின்னும் 10 ஆண்டுகள் ஓடின. ஜப்பான் நாட்டு நிதி நிறுவனத்தின் கடனுதவியோடு, 2008 பிப்ரவரி 26-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, பேருந்துகள் மறிக்கப்பட்டன. சில காலம் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013 மே மாதத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்படும் நீர் மலை மேலேற்றப்பட்டு, மடம் என்னுமிடத்துப் பெரும் நீர்த்தேக்கத்திலிருந்து இரு மாவட்டங்களுக்கும் பிரிந்து செல்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களும், பேரூராட்சிகளும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்க் குடியிருப்புகளும் இத்திட்டத்தின் எல்லைக்குள் வந்தன.

அல்ஹம்துலில்லாஹ்! இது சிறிய சாதனையன்று. இரு வேறு கட்சிகளின் ஆட்சிகள் இதில் பங்கு பெற்றன. யாருக்கு எவ்வளவு பெருமை என்று மேடைகளில் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியம் ஊரின் தொட்டி வரையில் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தத் தொட்டியிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் பங்கிடுவது உள்ளாட்சி மன்றத்தின் வேலை. எந்தத் தெருவுக்கு எந்நாளில் வால்வைத் திறப்பது, உடைந்த குழாயை எப்பொழுது மாற்றுவது, மேல்நிலைத் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது, குளோரின் சரியாகக் கலக்கப்படுகின்றதா என்று பார்ப்பது — எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாயின் பயன் முழுமையாக வாசலுக்கு வருவதும், பாதி வழியில் ஒழுகிப் போவதும் அந்தச் சிறிய அரங்கில் எடுக்கப்படும் தீர்மானத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேவைக்கு ஆற்றுநீர் போதவில்லை என்று உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் கலந்து விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வாறு கலந்து விடுவது குறித்து இந்த இரு மாவட்டங்களிலும் புகார்கள் எழுந்ததுண்டு. ஆற்று நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமும் கிணற்று நீரில் 3 மில்லிகிராமும் ஃபுளோரைடு இருந்து, இரண்டும் சமபங்கு கலந்தால் 1.75 மில்லிகிராம் ஆகிவிடும். எல்லை தாண்டிவிட்டது! மூன்று பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் என்றால் 1.125, எல்லைக்குள் நிற்கும். கிணற்று நீரைத் தனித் தொட்டியில் ஏற்றிப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் மட்டும் தனிக் குழாயில் விட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஆனால் தனிக் குழாய்க்குப் பணம் வேண்டும். பணத்தை ஒதுக்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் வர யாராவது கேட்க வேண்டும். குழாயில் வரும் நீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஃபுளோரைடுக்குச் சுவையும் இல்லை. யார் கேட்பார்கள்?

மன்றம் என்பது என்ன?

ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானமே இந்நாட்டில் தல சுயாட்சிக்கு வித்திட்டது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெடுங்காலம் அது பெயரளவிலேயே இருந்தது. அரசாங்கம் நினைத்தால் தேர்தல் நடக்கும். நினைக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போகும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்று விதித்தன. நகர்ப்புற மன்றங்களிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளையும் அட்டவணையிட்டன. அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஊரமைப்புத் திட்டம், சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், குப்பை அகற்றல், தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியன இருக்கின்றன. அடக்கத்தலமும் இருக்கின்றது, இறைச்சிக் கூடங்களை ஒழுங்குபடுத்துதலும் இருக்கின்றது. பிள்ளை பிறந்து சான்றிதழ் வாங்குவதிலிருந்து ஜனாஸா கபரஸ்தானுக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிவது வரையில் நமக்கும் அந்த மன்றத்துக்கும் தொடர்பு இருக்கின்றது!

பேரூராட்சிக்கு வார்டு உறுப்பினர்கள் உண்டு. தலைவரும் துணைத்தலைவரும் உண்டு. அரசு ஊழியரான செயல் அலுவலர் உண்டு. 2011 தேர்தலில் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தனர். 2022-இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர். எந்த முறை நல்லது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் முறையில் உங்கள் வார்டு உறுப்பினரின் மதிப்புக் கூடுகின்றது என்பது என் எண்ணம். அவரைத் தட்டிக் கேட்க உங்களுக்கும் இடம் கிடைக்கின்றது.

கூட்டத்துக்கு முன்னர் பொருள்நிரல் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். அன்றாட வரவு செலவு, டெண்டர், பழுதுபார்ப்பு, வரி, மேலிருந்து வந்த சுற்றறிக்கை என்று அது நீண்டுகொண்டே போகும். மின்மோட்டார் பழுதுபார்த்த செலவுக்கு ஒப்புதல் என்று ஒரே வரியில் ஒன்று வரும். "ஏற்கப்பட்டது" என்று அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த மோட்டார் இதற்கு முன் எத்தனை முறை பழுதாயிற்று என்று ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும். அரங்கில் ஒரு சலசலப்பு உண்டாகும். மன்றத்தின் உயிர் அந்தச் சலசலப்பில்தான் இருக்கின்றது. கேள்வி கேட்காத மன்றத்தில் கையெழுத்துக்கு மட்டுமே வேலை.

பத்ருக் களத்துக் கிணறு

கலந்தாலோசித்தல் நமக்கு அந்நியமானதா, என்ன? திருக்குர்ஆனில் "ஷூறா" என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கின்றது. நம்பிக்கையாளர்களின் காரியங்கள் அவர்களிடையே ஆலோசனையால் நடைபெறும் என்று இறைவன் அதிலே சிறப்பித்துக் கூறுகின்றான்.

பத்ருப் போருக்கு முன்பு நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் பாளையமிறங்கினார்கள். அப்பொழுது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் முன்வந்து, இந்த இடம் இறைவனின் கட்டளையால் தேர்ந்ததா, அல்லது தங்கள் சொந்த யோசனையா என்று பணிவோடு கேட்டார்கள். சொந்த யோசனையே என்று அண்ணலார் கூறியதும், எதிரிகளுக்கு அண்மையிலுள்ள கிணற்றுக்குச் சென்று தங்கி, நீரைத் தம் வசம் வைத்துக்கொள்வதே தக்கது என்று எடுத்துரைத்தார்கள். அண்ணலார் (ஸல்) அதனை ஏற்று, படையை எழுப்பி நகர்த்தினார்கள். தண்ணீர் எங்கே, யார் கையில் என்பது குறித்த ஓர் எளிய தோழரின் கேள்வியை இறைத்தூதரே செவிமடுத்திருக்கின்றார்கள். அப்படியிருக்க, தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்பவரைக் குழப்பக்காரர் என்று கூறும் தலைவர்களை என்னவென்பது?

மதீனாவின் ரூமா கிணறும் நீங்கள் அறிந்ததே. அந்நாளில் அதன் நீர் விலைக்கு விற்கப்பட்டது, ஏழைகள் தவித்தனர். அதை வாங்கி மக்களுக்கு அளிப்போர் யார் என்று அண்ணலார் கேட்டபோது, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். இன்றைய ஊரின் நீரேற்றும் நிலையத்தையும் குழாய் வலையையும் தனிச் செல்வர் ஒருவரால் வாங்கி விட முடியாது. நாம் ஒவ்வொருவரும் செலுத்தும் வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆனால் நம்மவர்கள் சிலர் வரியை ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்துவிட்டு, "தண்ணீர் வரவில்லை" என்று பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். மோட்டார் வைத்துக் குழாயில் நேராக உறிஞ்சிக்கொண்டு, மேட்டுத் தெருவிலுள்ள விதவையின் குடத்துக்குச் சொட்டு நீரும் போகாமல் செய்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்க வேண்டாம் என்று நபிகளார் ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதாக அறிவிக்கப்படுகின்றது. நமது ஹவுளிலும் வீட்டுக் குழாயிலும் வருவதோ நூறு தடைகளைத் தாண்டி மலையேறி வந்த நீர்.

நாற்காலிகள் வெறுமையாய் இருந்த ஐந்தாண்டுகள்

மன்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் அண்மையில்தான் அனுபவித்தது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. அதே மாதம் பழைய மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. அதன்பின் வார்டு வரையறை, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள், கொரோனா என்று காரணத்துக்கு மேல் காரணம் வந்து சேர்ந்தது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. தருமபுரி மாவட்டமும் அதில் அடங்கும். பென்னாகரம் போன்ற பேரூராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஏறத்தாழ ஐந்தே கால் ஆண்டுகள்! ஒரு மன்றத்தின் முழு ஆயுட்காலம் அது. அந்தக் காலம் முழுவதும் அலுவலர்களே ஊரை நிர்வகித்தார்கள்.

அலுவலர்கள் பணி செய்யவில்லை என்று கூறமாட்டேன். நேர்மையும் உழைப்பும் மிக்கவர்கள் அவர்களிலே பலர். ஆயினும், இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "தம்பி, மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை" என்று சொல்ல வார்டு உறுப்பினர் ஒருவர் தெருவில் இருப்பது வேறு; மாற்றலாகி வந்து மாற்றலாகிச் செல்லும் அதிகாரிக்கு மனு எழுதிக் காத்திருப்பது வேறு. தேர்தல் நடைபெறாமையால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒகேனக்கல் நீர் வந்து சேர்ந்த மூன்றே ஆண்டுகளில், அதைப் பங்கிட வேண்டிய மன்றத்தின் நாற்காலிகள் காலியாயின என்பதை எண்ணிப் பாருங்கள். கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது. இந்த நோய் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

தாய்மார்களே, உங்களைத்தான்!

தண்ணீர் வரும் நேரம் வீட்டில் யாருக்குத் தெரியும்? எந்தக் குழாயில் எவ்வளவு நேரத்தில் ஒரு குடம் நிறையும், எந்த நாளில் கலங்கலாக வரும், எந்த நீரில் பருப்பு வேகாது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான். நீரைப் பற்றிய இத்தனை அறிவும் வீட்டில் இருக்க, மன்றத்தில் அதைப் பற்றிப் பேசுவோர் வேறு யாரோ. தமிழகத்தில் 1996 தேர்தலிலிருந்து மூன்றிலொரு பங்கு இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன; 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. ஆனால் வேட்பாளர் பட்டியலில் பெயர் மனைவியுடையது, கூட்டத்தில் குரல் கணவருடையது என்ற அவலம் எத்தனை ஊர்களில்! இதைச் சொல்ல நான் தயங்கவில்லை. கேட்பவர் கோபித்தாலும் சரியே.

நம் சமுதாயத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் இயற்பெயர் ரொக்கையா. பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளே வளர்ந்தவர். 2001 தேர்தலில் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டபோது போட்டியிட்டு வென்று தலைவரானார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். அவருடைய எழுத்துக்களில் உடன்பாடு இல்லாதோர் நம் வாசகர்களில் உண்டு. அது வேறு விவாதம். வீட்டுக்குள்ளிருந்து புறப்பட்ட ஒரு பெண் பேரூராட்சி அலுவலகத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்தார் என்பதே இங்கே நமக்குச் செய்தி.

மக்கமா நகரத்தில் ஹஜ்ஜுக்கு வருவோர் நீருக்குத் தவிப்பதைக் கண்டு, மலைகளைக் குடைந்து கால்வாய் அமைக்கத் தம் பெருஞ்செல்வத்தைச் செலவிட்ட ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையாரின் பெயரால் அந்த நீர்வழி இன்றும் வழங்கப்படுகின்றது. மஹர் தொகைக்கு எல்லை கட்ட முயன்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களைச் சபையிலேயே ஒரு பெண்மணி எழுந்து மறுத்ததையும், கலீஃபா தம் முடிவைக் கைவிட்டதையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தச் சபையில் அப்பெண்மணிக்கு இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

செய்யத்தக்கவை

கிராம ஊராட்சியில் இருப்போருக்குக் கிராம சபை உண்டு. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் 2022 முதல் சேர்ந்து, ஆண்டுக்கு 6 கூட்டங்கள் ஆயின. பென்னாகரம் போன்ற பேரூராட்சிவாசிகளுக்கு அந்தக் கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கெனப் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022-இல் விதிகளாக வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலத்தில் முதற்கூட்டங்கள் நடைபெற்றன. உங்கள் வார்டில் அது கூடுகின்றதா என்று உறுப்பினரிடம் கேளுங்கள். கூடவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பார்வையாளராக அமர்வதற்கு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இடமிருந்தது. 2023 ஏப்ரல் முதல் அச்சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. செல்ல விரும்புவோர் செயல் அலுவலரிடம் கூட்ட நாளை முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. செல்ல இயலாதோர் தீர்மானங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அந்த மனுவில் என்ன கேட்பது? எங்கள் வார்டுக்கு வரும் நீர் கடைசியாக எந்நாளில் பரிசோதிக்கப்பட்டது, அதில் ஃபுளோரைடு எவ்வளவு, எங்கள் தொட்டியில் ஆற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் எந்த விகிதத்தில் கலக்கின்றன, தொட்டி கடைசியாக எப்பொழுது கழுவப்பட்டது என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் மேல் முதல் மனுவில் எதையும் சேர்க்க வேண்டாம். மனு நீண்டால் பதில் சுருங்கிவிடும்.

பதில் வந்ததும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஜமாஅத் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கோயில் தெருவிலும் காலனியிலும் இருக்கும் சகோதரிகளிடமும் காட்டுங்கள். அவர்கள் வீட்டுக்கும் அதே தொட்டியிலிருந்துதான் நீர் போகின்றது. எல்லாருமாகக் கையெழுத்திட்ட மனுவோடு, ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்படும் காலத்துக்கு முன்பே, உங்கள் வார்டு உறுப்பினரைச் சென்று காணுங்கள். அது நிறைவேறிய பின் சென்றால் மறு ஆண்டுவரை காத்திருக்க நேரும்.